ட்ரோபோனின் நெகட்டிவ் வந்தால் வீட்டுக்குப் போய்விடலாமா?

கீழக்கரை வாசகர் கேட்டது, 2025 மே 6, காலை 6.40

எங்கள் வாப்பாவுக்கு வயது 64. சர்க்கரை உண்டு. சுபுஹு தொழுதுவிட்டு வந்தவர் நெஞ்சில் பாரமாக இருக்கு என்று உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைகிற அளவு வியர்வை. பக்கத்து கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், பெரிய மாற்றம் இல்லையாம். ட்ரோபோனின் கார்டும் போட்டார்கள், நெகட்டிவ். கார்டு போடும்போது வலி ஆரம்பித்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. டாக்டர் ராமநாதபுரம் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறார். ரத்தத்திலேயே ஒன்றும் இல்லை என்று வந்த பிறகு எதற்கு அட்மிஷன்? வாப்பாவும் வீட்டுக்குப் போகலாம் என்கிறார். லேபில் வேலை பார்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மே 6, காலை 6.50

தம்பி, வீட்டுக்குப் போகாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு இப்போதே கிளம்புங்கள். ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த கார்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த டாக்டர் சொன்னதுதான் சரி. ஆஸ்பிரின் கொடுத்தாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வாப்பாவை பைக்கில் உட்கார வைக்க வேண்டாம், படி ஏற விட வேண்டாம். விளக்கம் அப்புறம்.

மே 6, இரவு

டூட்டி முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். காலையில் இரண்டு வரியில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியை லேப் ஜன்னலில் பல வருஷமாகக் கேட்டு வருகிறேன்.

இதயத் தசை சுருங்கி விரிய உதவும் புரதங்களில் ஒன்று ட்ரோபோனின். சி, ஐ, டி என்று மூன்று பகுதிகள். ஐ, டி இரண்டுக்கும் இதயத்துக்கென்றே தனி வடிவம் உண்டு, அதனால் அவற்றில் ஒன்றைத்தான் தேடுகிறோம். ரத்தக் குழாய் அடைத்து தசை அணுக்கள் சாக ஆரம்பித்தால் அது ரத்தத்தில் கசியும். ஆனால் அடைத்த நிமிஷமே கை நரம்பில் எடுக்கும் ரத்தத்தில் தெரிந்துவிடாது. பழைய வகைப் பரிசோதனையில் தெரியவே 3 முதல் 6 மணி நேரம் ஆகும். 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். பிறகு மெதுவாக இறங்கும். ட்ரோபோனின் ஐ ஒரு வாரம் பத்து நாள் வரை இருக்கும், டி இரண்டு வாரம்கூட இருக்கும்.

சாயல்குடியிலிருந்து தொண்டி வரை நம் கடற்கரை ஊர்களின் சின்ன லேப்களில் பெரும்பாலும் கார்டுதான். சில சொட்டு ரத்தம் விட்டால் கால் மணி நேரத்தில் கோடு விழும். கோடு கண்ணுக்குத் தெரிய ரத்தத்தில் ட்ரோபோனின் நிறையவே இருக்க வேண்டும். பெரிய கருவி பிடிக்கிற சிறிய அளவை கார்டு பிடிக்காது. கோடு விழுந்தால் உடனே ஓட வேண்டும். முதல் சில மணி நேரத்தில் விழாவிட்டால் அதை வைத்து நிம்மதி அடைய ஒன்றுமில்லை. அதனால் ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்க்கும் முன் இரண்டு நேரங்களைப் பாருங்கள்: வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தது. பாதி விடை அங்கேயே இருக்கிறது.

லேபில் இருப்பவளே இதைச் சொல்கிறேன்: நெஞ்சு வலிக்காரர் முதலில் போக வேண்டிய இடம் லேப் கிடையாது, ஈ.சி.ஜி. மெஷின். ஆஸ்பத்திரிக்குள் வந்த 10 நிமிஷத்துக்குள் அதை எடுத்து ஒரு டாக்டர் பார்த்துவிட வேண்டும். அதில் அடைப்பு பளிச்சென்று தெரிந்தால் ட்ரோபோனினுக்காகக் காத்திருக்கக் கூடாது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியோ ஆஞ்சியோவோ உடனே நடக்க வேண்டும். "ரிப்போர்ட் வரட்டும்" என்று வியர்த்துப்போன ஆளை வெளி பெஞ்சில் உட்கார வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

வாலிநோக்கம், மூக்கையூர் மாதிரி தூரத்து ஊர்க்காரர்கள் இதையும் தெரிந்து வையுங்கள். 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றையும் முதல் டோஸாகக் கொடுத்து மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். தனியார் லேபைத் தேடி அலைவதைவிட அங்கே போவது நல்லது.

மே 7

கீழக்கரைத் தம்பி எழுதியிருக்கிறார். ராமநாதபுரத்தில் போனவுடன் எடுத்த ட்ரோபோனின் எல்லைக்குள்தான் இருந்திருக்கிறது. மூன்று மணி நேரம் கழித்து எடுத்ததில் பல மடங்கு ஏறியிருக்கிறது. மதுரைக்கு மாற்றி ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். நேற்று இரவு முழுக்க இதே நினைப்பாக இருந்தேன். ரொம்பச் சந்தோஷம் தம்பி.

மே 9

மதுரையில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் ஒருவர், "அக்கா, 3 முதல் 6 மணி என்பது பழைய கணக்கு, இப்போது ஒரு மணி நேர முறையே வந்துவிட்டதே" என்கிறார். அவர் சொல்வது சரி. நான் எழுதியது கார்டுக்கும் பழைய கருவிக்கும். மிகச் சிறிய அளவையும் பிடிக்கும் உயர் உணர்திறன் ட்ரோபோனின் டெஸ்டுக்குக் கணக்கே வேறு.

ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதலில் வந்தவுடன் ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று என்று இரண்டு முறை எடுப்பார்கள். ரோஷ் கருவியின் ட்ரோபோனின் டி என்றால், முதலிலேயே 5 நானோகிராமுக்குக் கீழே (ஒரு லிட்டருக்கு) இருந்தால் மாரடைப்பு இல்லை என்று கிட்டத்தட்ட சொல்லிவிடலாம். முதலிலேயே 52 அல்லது அதற்கு மேல் இருந்தால் மாரடைப்பாகத்தான் இருக்கும் என்று நடத்துவார்கள். நடுவில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறியது என்பதே விடை. ஆனால் ஒற்றைச் சாம்பிளிலேயே இல்லை என்று சொல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வலி தொடங்கி 3 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அந்த வாப்பாவுக்கு அது ஆகவில்லை. புதுக் கருவியே இருந்திருந்தாலும் முதல் எண்ணை நம்பி அனுப்பியிருக்க முடியாது.

மே 15

ராமேஸ்வரத்திலிருந்து ஒருவர் பதறி எழுதியிருக்கிறார். அவர் அண்ணனுக்கு உள்ளூரில் ட்ரோபோனின் 0.012, அன்று மாலை வேறு இடத்தில் 13. "ஆயிரம் மடங்கு ஏறிவிட்டது, மதுரை கொண்டு போகட்டுமா?"

அண்ணே, ஆயிரம் மடங்கு ஏறவில்லை. முதல் ரிப்போர்ட் ஒரு மில்லிலிட்டரில் எத்தனை நானோகிராம் என்று சொல்கிறது. இரண்டாவது ஒரு லிட்டரில் எத்தனை என்று சொல்கிறது. 0.012-ஐ ஆயிரத்தால் பெருக்கினால் 12. ஆகவே 12-ம் 13-ம். எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அலகைப் படிக்காமல் இரண்டு ரிப்போர்ட்டை ஒப்பிடவே கூடாது. அண்ணனுக்கு வலி நிற்கவில்லை என்றால் எண் எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் போங்கள்.

மே 16

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலகு ஒன்றாக இருந்தாலும் கருவி மாறினால் ஒப்பிட முடியாது. ரோஷ் ட்ரோபோனின் டி-க்கு மேல் எல்லை 14. அப்பாட் ட்ரோபோனின் ஐ-க்கு ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 16. ஆரோக்கியமாக இருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அதற்குக் கீழே இருப்பார்கள் என்பதுதான் அந்த எல்லை. அம்மாவுக்கு 20 வந்து, ரிப்போர்ட்டில் ஆண்களின் எல்லை மட்டும் அச்சாகியிருந்தால் நார்மல் மாதிரித் தெரியும். பெண்களின் நெஞ்சு வலியை "வாயு" என்று தள்ளிவிடுவது நம் பக்கம் ரொம்பச் சாதாரணம். அதில் இதுவும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும்?

மே 28

தொண்டி ஆசிரியர் ஒருவர்: அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. ட்ரோபோனின் டி எப்போது எடுத்தாலும் 60 பக்கம். ஒவ்வொரு முறையும் புது டாக்டர் பார்த்தால் ஐ.சி.யு. என்கிறாராம்.

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இது எப்போதும் ஏறியே இருக்கும். பொய்யான ஏற்றம் என்று நினைக்க வேண்டாம். இதயத் தசை மெல்ல மெல்லப் பாதிக்கப்படுவதை அது காட்டுகிறது, அப்படிப்பட்டவர்களுக்கு இதய ஆபத்து உண்மையிலேயே அதிகம். ஆனால் இன்றைக்கு மாரடைப்பா என்ற கேள்விக்கு 60 பதில் சொல்லாது. ஒரே ஒரு போட்டோவைப் பார்த்து படகு கரைக்கு வருகிறதா, கடலுக்குப் போகிறதா என்று சொல்ல முடியுமா? இரண்டாவது போட்டோ வேண்டும். 2018-ல் வந்த மாரடைப்பின் நான்காவது பொது வரையறையும் இதையே கேட்கிறது: ட்ரோபோனின் ஏற வேண்டும் அல்லது இறங்க வேண்டும், ஒரு தடவையாவது எல்லையைத் தாண்ட வேண்டும், கூடவே ரத்த ஓட்டம் குறைந்ததற்கான அறிகுறியோ ஈ.சி.ஜி. மாற்றமோ இருக்க வேண்டும். ஏற்கெனவே ஏறியிருப்பவருக்கு 20 சதவீதத்துக்கு மேல் மாறினால் புதிதாக ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆகவே சார், அம்மாவின் பழைய ரிப்போர்ட்களைத் தேதி வாரியாக ஒரு ஃபைலில் போட்டு டயாலிசிஸ் பையிலேயே வைத்துவிடுங்கள். 61, 58, 63 என்று பழைய வரிசை கண்ணெதிரே இருந்தால் நடு ராத்திரியில் புது டாக்டரும் சரியாக முடிவெடுப்பார். அது இல்லாதபோது அவர் ஐ.சி.யு. என்றால் அவரைக் குறை சொல்ல முடியாது.

கடுமையான கிருமித் தொற்று, நுரையீரல் குழாயில் ரத்தக் கட்டி, இதயத் தசை அழற்சி, இதயச் செயலிழப்பு, இவற்றிலும் ட்ரோபோனின் ஏறும். தசை அடிபட்டிருக்கிறது என்பதுவரை ட்ரோபோனின் சொல்லும். யார் அடித்தது என்பதை டாக்டர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜூன் 3

இன்று என் அப்பாவைப் பற்றி. பாம்பனில் நாட்டுப்படகில் போனவர். வயது 71. சில வருஷமாக இதயம் பலவீனம், துடிப்பும் ஒழுங்கில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்று சேர்த்தபோது என்.டி. புரோ பி.என்.பி. என்ற ரத்த டெஸ்ட் 4,200. வீட்டுக்கு அனுப்பும்போது 1,600.

இதயத்தின் கீழறைச் சுவர் இழுபட்டு விரியும்போது அங்கிருந்து ஒரு புரதம் சுரக்கும். அது இரண்டாக உடையும். ஒரு துண்டு பி.என்.பி., அது வேலை செய்யும் ஹார்மோன், உப்பையும் நீரையும் வெளியேற்றப் பார்க்கும். இன்னொரு துண்டுதான் என்.டி. புரோ பி.என்.பி. அதற்கு வேலை எதுவும் இல்லை. ஆனால் ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும். மூச்சுத் திணறலோடு வந்தவருக்கு பி.என்.பி. 100-க்குக் கீழே, அல்லது இந்த இரண்டாவது துண்டு 300-க்குக் கீழே இருந்தால், காரணம் இதயமாக இருக்க வாய்ப்பு குறைவு. இதயம்தான் என்று சொல்ல வயதுக்கு ஏற்ற எல்லை உண்டு: 50 வயதுக்குள் 450, 50 முதல் 75 வரை 900, அதற்கு மேல் 1,800. ரிப்போர்ட்டில் 125 என்று ஒரே எல்லை அச்சாகியிருக்கும். அது அவசரமில்லாமல் ஓ.பி.யில் பார்க்கும்போது பயன்படுவது. அதைப் பார்த்து 80 வயது ஆச்சிக்கு 400 என்றால் குடும்பமே அழுகிறது.

அப்பா நன்றாக நடந்து, படுத்துத் தூங்கும் நாட்களிலும் அவருடைய எண் 1,100, 1,300 என்றுதான் இருக்கும். அது அவருடைய தரை. 1,100 போய் 1,300 ஆனால் நான் பதறுவதில்லை, முப்பது சதவீதத்துக்குள் ஏறி இறங்குவது சகஜம். 2,500 என்றால் டாக்டருக்கு போன் போடுவேன். அதற்கு முன்னாலேயே எடை மெஷின் சொல்லிவிடும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று பொருள். விலை அதிகமான இந்த டெஸ்டை மாதா மாதம் எடுக்கச் சொல்லி யாராவது எழுதினால் ஏன் என்று கேளுங்கள். காலையில் மூத்திரம் போனபின் எடை பார்ப்பதற்குச் செலவில்லை.

குண்டாக இருப்பவர்களுக்கு இந்த எண் குறைவாகவே காட்டும். 110 கிலோ ஆளுக்கு 250 வந்தால் "இதயம் இல்லை" என்று உடனே கைகழுவிவிடக் கூடாது. சிறுநீரகக் கோளாறு, ஒழுங்கற்ற துடிப்பு, முதுமை மூன்றும் ஏற்றிக் காட்டும். சாகுபிட்ரில் சேர்ந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு பி.என்.பி. எடுத்தால் குழப்பம், ஏனென்றால் அதை உடைக்கும் நொதியையே அந்த மாத்திரை தடுக்கிறது. அவர்களுக்கு மற்ற துண்டைத்தான் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு அந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒரு இடத்தில் வெறும் பி.என்.பி. எடுத்து, நோய் முற்றிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூன் 4

"கருவாட்டைக் கழுவிக் கழுவிச் சமைத்தால் உப்பு போய்விடாதா அக்கா?" மேல் உப்பு கொஞ்சம் போகும். சதைக்குள் ஏறியது முழுக்கப் போகாது. உப்பு கூடினால் உடம்பில் நீர் சேரும். எங்கள் வீட்டில் மீன்பிடித் தடைக்காலத்தில் பச்சை மீன் குறைந்து கருவாட்டுக் குழம்பு கூடும்போதெல்லாம் அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை அவர் எடையை நான் தினமும் கேட்பேன். கருவாடு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது என்பதும் எனக்குத் தெரியும். மனசு கேட்காமல் எப்போதாவது ஒரு துண்டு கொடுப்போம்.

ஜூன் 19

தடை முடிந்து எல்லோரும் கடலுக்குப் போயாச்சு. லேபுக்கும் அது தெரிகிறது. விசைப்படகில் போய் வலை இழுக்கும் ஒரு தம்பி, 46 வயது, கொழுப்பு மாத்திரை சாப்பிடுபவர், சி.கே. 900 என்று வந்தது. மாத்திரைதான் தசையைக் கெடுக்கிறது என்று யாரோ சொல்லி நிறுத்திவிட்டார்.

சி.கே. (கிரியேட்டின் கைனேஸ்) என்ற நொதி எல்லாத் தசையிலும் இருக்கிறது. இரண்டு மாசம் சும்மா இருந்த உடம்பு திடீரென்று மணிக்கணக்கில் வலை இழுத்தால் மாத்திரையே சாப்பிடாதவருக்கும் ஏறும். தொடையில் ஊசி போட்டாலும் ஏறும். நாலைந்து நாள் கனத்த வேலை செய்யாமல் இருந்து மறுபடி எடுங்கள், அதற்குப் பிறகு மாத்திரையைப் பற்றி டாக்டர் சொல்லட்டும். தசை வலியோடு மூத்திரம் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

இதயத் தசையில் அதிகம் இருக்கும் சி.கே. வகையான சி.கே.எம்.பி. பற்றியும் ஒருவர் கேட்டார். ட்ரோபோனின் வருவதற்கு முன் அதுதான் எங்களுக்கு முக்கிய டெஸ்ட். அது இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். கைகால் தசையிலும் கொஞ்சம் இருப்பதால் வலை இழுப்பவர்களிடம் ஏமாற்றும். ட்ரோபோனின் எடுக்க வசதி இருக்கும்போது இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஜூலை 8

பொட்டாசியம். இது இதய நோய்க்கான டெஸ்ட் இல்லையே என்று தோன்றலாம். இதய மாத்திரை சாப்பிடுபவரை ஒரே நாளில் ஆபத்தில் தள்ளக்கூடியது இதுதான் என்பதால் எழுதுகிறேன்.

அப்பா ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறார். அது பொட்டாசியத்தை ஏற்றும். போன மாசம் பாம்பனில் எடுத்த ரத்தம் பஸ்ஸில் பாலம் தாண்டி ஒரு லேபுக்குப் போனது. 6.4 என்று முடிவு. இயல்பு 3.5-லிருந்து 5 வரை. போனிலேயே மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். நான் முதலில் செய்தது ஈ.சி.ஜி. எடுத்தது. 6.4 நிஜமாக இருந்தால் இதயம் நின்றுபோகலாம், லேப் தவறு என்று நாமே முடிவு கட்டிக்கொள்ளக் கூடாது. ஈ.சி.ஜி. பழையபடியே இருந்தது. உடனே புது ரத்தம் எடுத்து அரை மணிக்குள் சென்ட்ரிபியூஜில் சுழற்றி, சீரத்தைப் பிரித்துப் பார்த்தோம். 4.7.

ரத்தச் சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே இருப்பதைப்போல இருபது மடங்குக்கு மேல். பஸ் குலுக்கலில், வெயிலில், மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்ததில் அணு உடைந்தால் அது வெளியே கொட்டும், மேலே நிற்கும் சீரம் இளஞ்சிவப்பாகத் தெரியும். பிரிக்காத ரத்தத்தை ஐஸில் வைத்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். குளிரில் பொட்டாசியத்தை உள்ளே தள்ளும் பம்ப் வேலை செய்யாது, அணு உடையாமலே கசியும், சீரமும் தெளிவாக இருந்து ஏமாற்றும். எடுத்த இடத்திலேயே பிரித்து அனுப்ப வேண்டும். தனுஷ்கோடி ரோட்டிலும் சாயல்குடிப் பக்கமும் சாம்பிள் சேகரிக்கும் பிள்ளைகளிடம் இதை நான் நேரிலேயே சொல்லி வருகிறேன். கையை இறுக்கி மூடித் திறக்கச் சொல்லி நரம்பு தேடுவதும் எண்ணை ஏற்றும்.

ஜூலை 9

இளநீர் குடிக்கலாமா என்று கேட்டவருக்கு: ஒரு இளநீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். சும்மா இருப்பவருக்கு அமிர்தம். ஸ்பைரோனோலாக்டோனோ, ராமிப்ரில் வகை பி.பி. மாத்திரையோ சாப்பிட்டு, சிறுநீரகமும் பலவீனமாக இருப்பவருக்குத் தினமும் வேண்டாம். "சோடியம் குறைந்த உப்பு" பாக்கெட்டும் அப்படியே. சோடியத்துக்குப் பதில் அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு.

ஆகஸ்ட் 2

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தங்கை. 9 வயது மகளுக்கு முழங்கால் வலி, ஏ.எஸ்.ஓ. 400. "வால்வு போயிருச்சுன்னு சொல்றாங்க, 21 நாளைக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போடணுமாம்."

முதலில் அழுகையை நிறுத்தும்மா. ஏ.எஸ்.ஓ. சொல்வது ஒன்றுதான்: அண்மையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி உடம்பில் வந்து போயிருக்கிறது. தொண்டை வலி வந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு இது ஏறும், மாசக் கணக்கில் இறங்காது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இயல்பே பெரியவர்களைவிட அதிகம். ரிப்போர்ட்டில் போட்டிருக்கும் 200 பெரியவர்களுக்கான எல்லை. அந்தத் தொற்றுக்குப் பின் மூட்டையும் இதய வால்வையும் தாக்கும் ரூமாட்டிக் காய்ச்சலா என்று பார்க்க ஜோன்ஸ் விதிகள் இருக்கின்றன. 1944-ல் வந்தவை, 2015-ல் திருத்தினார்கள், அப்போது எக்கோ என்ற இதய ஸ்கேனையும் சேர்த்தார்கள். ஒரு மூட்டு வீங்கி இறங்கி அடுத்த மூட்டுக்குப் போனதா, காய்ச்சல் இருந்ததா, எக்கோவில் வால்வு கசிகிறதா, இவ்வளவையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள்.

எதிர்ப் பக்கமும் சொல்ல வேண்டும். நோய் உறுதியான பிள்ளைக்கு ஏ.எஸ்.ஓ. இறங்கிவிட்டது என்று ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் இன்னும் பெரிய கேடு. ஊசி போடுவது அடுத்த தொற்று வராமல் தடுத்து வால்வைக் காப்பதற்கு. அந்த எண்ணை இறக்குவதற்காக யாரும் அதைப் போடுவதில்லை.

ஆகஸ்ட் 5

தங்கச்சிமடத்துப் பிள்ளைக்கு எக்கோ நார்மல், மூட்டில் வீக்கமும் இல்லை, ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். விளையாடிக் கால் பிசகியதாம்.

ஆகஸ்ட் 24

பெரியபட்டினத்துச் சங்கு குளிப்பவர் ஒருவர்: கடலில் இறங்கினாலே மூத்திரம் முட்டுகிறது, சர்க்கரையா? சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் உடம்பு நீரில் மூழ்கும்போது கால் பக்க ரத்தம் நெஞ்சுக்கு ஏறும், இதயத்தின் மேலறைகள் விரியும், ஏ.என்.பி. என்ற ஹார்மோன் கூடும், சிறுநீரகம் நீரைத் தள்ளும். அப்பாவைப் பற்றி எழுதும்போது சொன்ன பி.என்.பி. ஹார்மோனுக்கு இது அண்ணன் மாதிரி. மேலே வந்த பின் மூச்சுத் திணறலோ நுரையோடு இருமலோ இருந்தால் மட்டும் பேசாமல் இருக்காதீர்கள், உடனே காட்டுங்கள்.

செப்டம்பர் 14

உச்சிப்புளியிலிருந்து 38 வயது அண்ணன் ஒருவர். அவர் அப்பா 45-லேயே மாரடைப்பில் போய்விட்டார். இவருக்கு எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 118, சர்க்கரை இல்லை, சிகரெட் இல்லை. மூவாயிரம் ரூபாய் பேக்கேஜ் எடுக்கலாமா என்று கேட்கிறார்.

பேக்கேஜ் வேண்டாம். எல்.பி. சிறு ஏ என்று ஒரு டெஸ்ட், எல்.டி.எல். மாதிரியே கொழுப்பைச் சுமக்கும் ஒரு துகளை அளப்பது, அதைத் தனியாக எடுங்கள். நார்வேக்காரர் கோரே பெர்க் 1963-ல் கண்டுபிடித்தது. பெரும்பாலும் அப்பா அம்மாவிடமிருந்து வருவது, சாப்பாட்டாலோ நடைப்பயிற்சியாலோ பெரிதாக மாறாது, ஆகவே ஆயுளுக்கு ஒரு முறை எடுத்தால் போதும். ஒரு டெசிலிட்டரில் 50 மில்லிகிராமுக்கு மேல், இன்னொரு அலகில் ஒரு லிட்டரில் 125 நானோமோலுக்கு மேல் என்றால் ஆபத்துக் கணக்கில் சேர்ப்பார்கள். ஸ்டாடின் வகைக் கொழுப்பு மாத்திரை இதை இறக்காது. அப்புறம் எதற்கு எடுக்க வேண்டும்? இது அதிகமாக இருந்தால் உங்கள் 118-ஐ டாக்டர் வேறு கண்ணோடு பார்ப்பார், பி.பி.யையும் விட்டுவைக்க மாட்டார். உங்கள் தம்பி தங்கைகளையும் பார்க்கச் சொல்லுவார்.

அழற்சியைக் காட்டும் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. எடுக்கலாமா என்றால், காய்ச்சல் சளி எதுவும் இல்லாத வாரத்தில் எடுங்கள். 10-க்கு மேல் வந்தால் உடம்பில் வேறு ஏதோ அழற்சி, சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும்.

மாரடைப்பு வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. "எல்.டி.எல். 60, நார்மல், மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று யாரும் எழுத வேண்டாம். அந்த 60 மாத்திரை தந்தது. ஐரோப்பிய வழிகாட்டுதல் 2019-லிருந்து இவர்களுக்கு 55-க்குக் கீழே கேட்கிறது. மாரடைப்பு வந்து ஒரு நாள் தாண்டினால் எல்.டி.எல். தானாகவே கொஞ்சம் தாழும், அந்த வாரத்து எண்ணைப் பார்த்து முன்பும் இப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் மற்ற கொழுப்பு எண்களை வைத்து 1972-ன் ஃப்ரீடுவால்டு கணக்கில் வரும் எல்.டி.எல். நம்பத்தக்கதல்ல, நேரடியாக அளக்கச் சொல்லுங்கள்.

செப்டம்பர் 21

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடும் பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள். ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவை 30 மைக்ரோகிராம், மாத்திரையில் 5,000, 10,000 என்று இருக்கிறது. பயோட்டினைக் கொண்டே வேலை செய்யும் சில கருவிகளில் இது ட்ரோபோனினைக் குறைத்துக் காட்டும். 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதைப் பற்றி எச்சரித்தது, அப்படிக் குறைவாக வந்த ஒரு முடிவோடு தொடர்புடைய ஒரு மரணத்தையும் அது குறிப்பிட்டது. தைராய்டு டெஸ்டுக்கு வருபவர் இரண்டு நாள் நிறுத்திவிட்டு வரலாம். நெஞ்சு வலியோடு வருபவருக்கு அந்த அவகாசம் இல்லை. ஆகவே ரத்தம் எடுக்க வருபவரிடம், "நான் முடி மாத்திரை சாப்பிடுகிறேன், நேற்று இரவுகூடப் போட்டேன்" என்று சொல்லுங்கள். அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.